என் இடத்தில் ஓடுகிறவள்

மார்ச் 4

அக்கா,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். படிக்காமல் கிழிப்பதாக இருந்தாலும், கிழிப்பதற்காவது இதைக் கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும்.

தேசிய கால்பந்து அணி முகாமுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு அறைக்கு நான்கு பேர். பக்கத்துக் கட்டில்காரி கோல்கீப்பர். தூக்கத்தில்கூடக் கையை விரித்துக்கொண்டு பாய்கிறாள், என் தலையணை இரண்டு தடவை கீழே போயிற்று. கோச்சம்மா சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை என்னைப் பார்த்து "ம்" என்றார். அதுவே பெரிய பாராட்டு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்கு அப்பா மட்டும் வந்தார். உனக்குக் கடையில் வேலை என்றார். காலை ஏழு மணிக்கு எந்த பாரில் கூட்டம் வரும் அக்கா? நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்காமல் பையை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டார்.

இதே முகாமுக்கு உன்னைக் கூப்பிட்ட வாரத்தில்தான் உன் முழங்கால் போனது. எனக்கு அது மறக்கவில்லை. இங்கே படிக்கட்டில் பழைய அணிகளின் படங்களை மாட்டியிருக்கிறார்கள். உன் வருடத்துப் படத்தைத் தாண்டும்போது நான் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறுகிறேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஆட்டம். வெளிநாட்டு அணியோடு, டிவியில் வரும். நான் பெஞ்சில்தான் உட்காருவேன் என்று நினைக்கிறேன். வீட்டு டிவியில் அந்தச் சேனல் வராது. உன் கடையில் ஆறு டிவி இருக்கிறதே, ஒன்றில் போடச் சொல்வாயா? உனக்கு வேண்டாம் என்றால் அப்பாவுக்காகச் சொல்.

உன் வாலு


மார்ச் 12

தேசிய அணி ஆட்டக்காரி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை.

டிவி கேட்டாய். முதலாளியிடம் போய் நின்றேன். ஆள் பேசுவதைவிட விசில் அடிப்பதுதான் அதிகம் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவர் விசில்தான். "பொம்பளைங்க மேட்ச யாரும்மா பாப்பாங்க? அன்னிக்கு ஆம்பளைங்க மேட்ச் ரெண்டு இருக்கு. ஜனம் அதுக்குத்தான் வரும்" என்றார். நான் நகரவில்லை. கடைசியில், கழிவறைக்குப் போகிற வழியில் மேலே தொங்குகிற சின்ன டிவியைக் கொடுத்தார். அதில் சத்தம் வராது. படமும் ஒரு ஓரத்தில் பச்சையாக இருக்கும். புல்தரைதானே, பொருத்தமாக இருந்தது.

அப்பா ஆட்டம் முடிகிற வரை அதன் கீழே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார். போகிறவன் வருகிறவன் எல்லாம் "கொஞ்சம் தள்ளுங்க பெரியவரே" என்று சொல்லிக்கொண்டே போனான். உன்னை ஒரே ஒரு தடவை காட்டினார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். பாட்டிலை ஒழுங்காகப் பிடித்திருந்தாய். நாட்டுக்கே பெருமை.

அதன் பிறகு அப்பா கழிவறைக்குப் போகிறவர்களை நிறுத்தி நிறுத்தி, "அது என் சின்னப் பொண்ணு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "பெரியவ இவளவிட நல்லா ஆடுவா. அதோ, தட்டு எடுத்துட்டுப் போறா பாருங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் தட்டில் எட்டு பீர்க் குவளை. ஒன்றும் சிந்தவில்லை. எனக்கு இன்னும் அந்த நிதானம் இருக்கிறது, பார்த்துக்கொள்.

நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், பொறாமைதான். வயிறு பற்றி எரிகிறது. உன் சட்டையைப் பார்த்து, உன் காலுறையைப் பார்த்து, நீ புறங்கையால் வாயைத் துடைத்ததைப் பார்த்து. ஒருத்தி பெஞ்சைப் பார்த்துப் பொறாமைப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க ஓடினீர்களே, அப்போது இடப்பக்கம் தோளைச் சாய்த்துவிட்டு வலப்பக்கம் போனாய். அது என்னுடையது. சின்ன வயதில் என் சட்டை, என் செருப்பு, என் சைக்கிள் எல்லாம் உனக்குத்தான் வந்தது. ஆனால் நான் தேய்த்துப் பழசாக்கிய பிறகு வந்தது. இந்த நாட்டுச் சட்டை ஒன்றுதான் நான் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே உனக்குப் போய்விட்டது.

நீ கிளம்பிய அன்று காலை எனக்குக் கடையில் வேலை இல்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் அதைப் பற்றிக் கேட்காதே.

அக்கா


மார்ச் 27

அக்கா,

இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்திருப்பாய். அதனால் நடந்ததைத் திரும்ப எழுதத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், நீ பார்த்தது டிவியில். என் கண்ணுக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

இரண்டாம் பாதியில் என்னை இறக்கினார்கள். கால் தரையில் பாவவே இல்லை. பதற்றத்தில் ஒருத்தியின் காலை வாரி, வந்ததும் வராததுமாக மஞ்சள் அட்டை வேறு வாங்கினேன். பிறகு அந்தப் பந்து வந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் கீழே கிடக்கிறாள். முன்னால் வெறும் வலை. காற்றில் வலை அசைவதுகூடத் தெரிந்தது. யோசிக்க எனக்கு நேரம் இருந்தது அக்கா, அதுதான் வினை. பந்து கம்பத்துக்கு மேலே போய், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் விழுந்தது. அவர் அதைக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். உன் கடையில்தான் இருந்தார், பின்னால் விசில் சத்தம் கேட்டது. "பரவால்லடா. பெரியவளா இருந்தா கண்ண மூடிக்கிட்டு அடிச்சிருப்பா. விடு" என்றார்.

எதை விடுவது?

நீ உன் பொறாமையை எழுதினாய், நான் என்னுடையதை எழுதுகிறேன். நாட்டுச் சட்டை போட்டு ஓடுவது நான். ஆனால் நம் வீட்டில் இன்னும் நீதான் ஆடிக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்பா உன்னை இறக்குகிறார். உனக்கு மூச்சு வாங்குவதில்லை, கால் வழுக்குவதில்லை. நீ அடிக்காத பந்து எல்லாம் கோல். நான் அடித்தது மட்டும்தான் வெளியே போகிறது. உன்னோடு போட்டி போட்டு நான் எப்படி ஜெயிப்பேன்?

ஒன்று மட்டும் மழுப்பாமல் சொல். நான் தவறவிட்டபோது உனக்குச் சந்தோஷமாக இருந்ததா?

வாலு


ஏப்ரல் 3

வாலு,

இருந்தது.

மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். பந்து உன் காலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மேலே போனதும் உள்ளுக்குள்ளே ஏதோ ஒன்று 'அப்பாடா' என்று காலை நீட்டி உட்கார்ந்தது. ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் இருந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்பது உனக்கு வேண்டாம்.

இப்போது நீ என்னை வெறுக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வெறு. அப்பா உன்னை யாரோடு ஒப்பிடுகிறாரோ, அவள் நான் இல்லை. அவளுக்கு வயது இருபது. இரண்டு முழங்காலும் நல்ல முழங்கால். அவள் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டுவாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறேன். அப்பா எனக்குப் பின்னால்தான் இறங்கி வருவார், ஆனால் அதைப் பார்ப்பதில்லை. அவர் கண்ணுக்கு இன்னும் அவள்தான் தெரிகிறாள்.

உன்னை அவளோடு ஆட்ட நாளில் மட்டும் ஒப்பிடுகிறார். என்னைத் தினமும் ஒப்பிடுகிறார். நான் சாப்பாடு வைக்கும்போது, துணி மடிக்கும்போது என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். நம் இரண்டு பேருக்கும் அவள்தான் பகை. நீயாவது ஒரு நாள் கோல் போட்டு அவள் வாயை அடைக்கலாம். நான் என்ன செய்து அடைப்பது?

அதிகம் எழுத முடியவில்லை. இந்த வாரம் முழுக்கச் சமையலறையில் நின்றுகொண்டே வேலை. கால் வீங்கியிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

நீ ஏன் சமையலறையில் நிற்கிறாய் என்று அப்பாவிடம் கேட்டேன். முதலில் மென்று விழுங்கினார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

நான் பந்தைத் தவறவிட்டதும், தினமும் வருகிற அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராமே. "செத்துப்போன எங்க மாமியார எழுப்பிக் கொண்டாந்து நிக்க வெச்சிருந்தாகூட அது உள்ள போயிருக்கும்" என்றாராமே. நீ போய் அவர் கையிலிருந்த குவளையை வாங்கி, அவர் கண் முன்னாலேயே தொட்டியில் கவிழ்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னிக்கு போதும், கெளம்புங்க" என்றாயாம். "நீ யாரும்மா என்ன கெளம்பச் சொல்ல?" என்று அவர் கேட்டதற்கு, "அந்தப் பந்த வெளிய அடிச்சவளோட அக்கா" என்றாயாம். அதற்குத்தான் விசில் உன்னை உள்ளே அனுப்பிப் பாத்திரம் கழுவ விட்டிருக்கிறார்.

வயிறு எரிந்ததைப் பக்கம் பக்கமாக எழுதினாய். இதை ஏன் எழுதவில்லை?

அப்பா சொன்னதைக் கேட்டு அழுதேன். கோல்கீப்பர் எழுந்து வந்து, பந்தைத்தான் விட்டாய், ஊரைப் பறிகொடுத்த மாதிரி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அதற்காக அழவில்லை என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே நான் இறங்குகிறேன். கோச்சம்மா ஒன்றுதான் சொன்னார்: இன்னொரு மஞ்சள் அட்டை வாங்கினால் அதற்கடுத்த ஆட்டத்தில் நான் ஆட முடியாது. அது கடைசி ஆட்டம். இரண்டிலும் ஜெயித்தால் பெரிய போட்டிக்குப் போகலாம். பதினோரு பேரில் ஒருத்தியாக அந்தக் கடைசி ஆட்டத்தில் நிற்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஆசையே இல்லை.

வாலு


ஏப்ரல் 22

வாலு,

முதலில் அந்தக் குவளை விஷயம். என்னை நல்லவளாக்கி மேலே தூக்கி வைக்காதே, அங்கிருந்து இறங்க என் காலுக்கு ஆகாது. உன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோ எரிச்சல்படுவதோ எனக்கு மட்டும் உள்ள பாத்தியதை. அந்த ஆள் அதில் பங்கு கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் மறுபடியும் வந்தார், தெரியுமா? உன் ஆட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து பெரிய டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். பெரிய டிவி! விசிலே போட்டார். நான்கைந்து பேர் வந்து, அந்தத் தகராறு செய்த அக்காவின் தங்கை ஆடுவது எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். பீர் விற்கும் என்றால் அந்த மனுஷன் என்ன வேண்டுமானாலும் போடுவார். கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்தில் இருப்பவர்களிடம், "பாத்து சிரிங்கப்பா, அக்காக்காரி இங்கதான் எங்கயோ நிக்கறா" என்றார். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாம் ஒரு கோல் முன்னிலை. இன்னும் கொஞ்ச நேரம்தான். நீங்கள் எல்லோரும் அவர்கள் கோல் பக்கம் போய்க் குவிந்திருந்தீர்கள். பந்து பறிபோயிற்று. அவர்களில் மூன்று பேர் பந்தோடு கிளம்பிவிட்டார்கள். நம் பக்கத்தில் காக்க இரண்டே பேர். கடையில் யாரோ "போச்சு" என்றார்கள்.

நீ எங்கிருந்து வந்தாய்? படத்தின் ஓரத்திலிருந்து ஒரு ஆள் நுழைந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி. நடுக்கோட்டருகில், பந்தோடு ஓடியவளை எட்டிப் பிடித்துச் சட்டையைப் பற்றி இழுத்தாய். இரண்டு பேரும் உருண்டீர்கள். நடுவர் வந்து மஞ்சள் அட்டையை நீட்டினார். எழுந்து அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாய். கடைசி ஆட்டம் போய்விட்டது என்று உனக்குத் தெரியும். இழுப்பதற்கு முன்னாலேயே தெரியும். உன் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள், நான் பார்த்தேன்.

அப்பா எழுந்து நின்றார். "பெரியவளா இருந்தா..." என்று ஆரம்பித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். நான்தான் முடித்து வைத்தேன். "பெரியவளா இருந்தா இடுப்புல கைய வச்சுக்கிட்டு அந்தப் பக்கமே நின்னுருப்பாப்பா. திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டா."

நிஜம்தானே? நான் ஆடிய காலத்தில் ஒரு நாளாவது பின்னால் ஓடியிருக்கிறேனா? பந்து எனக்கு வரவேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த ஆட்டம். அந்தத் தோள் சாய்ப்பு என்னுடையது. அந்த ஓட்டம் என்னுடையது இல்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வெளியே போன பந்தையெல்லாம் எடுத்து வர உன்னைத்தானே விரட்டுவேன், அதில் வந்ததோ என்னவோ. இல்லை, அதிலும் எனக்குப் பங்கு வேண்டாம். அது உன்னுடையது.

அப்பா உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கோலிலேயே ஜெயித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் படி வந்தது. நான் பக்கவாட்டில் இறங்கினேன். பின்னாலிருந்து, "முட்டி இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார். "வலிக்குதுப்பா" என்றேன். "எத்தன நாளா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இத்தனை நாள் 'அது என்னுடையது' என்று எரிந்தது. இப்போது 'அது எனக்கு வராது' என்று எரிகிறது. முன்னதைவிட இது கொடுமை.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கோல்கீப்பர் அதையும் ஒரு தடவை தட்டிவிட்டாள்.

கடைசி ஆட்டம் வெளிநாட்டில். ஆட முடியாதவளை எதற்குக் கூட்டிப் போவது என்று எனக்கு விடுப்பு கொடுத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் வீட்டுக்கு வருகிறேன். உன் கடையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். யோசித்துப் பார், நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஒன்று நீ ஆடினாய், இல்லாவிட்டால் நான் ஆடினேன்.

இன்னொன்று. என் இடத்தில் இறக்குவது ஒரு புதுப் பெண்ணை. நாங்கள் சுருட்டை என்று கூப்பிடுவோம், தலைமுடி அப்படி. நல்ல பெண். நேற்று என்னிடம் வந்து, "அந்த எடத்துல எப்பிடி நிக்கணும், கொஞ்சம் சொல்லித் தர்றீங்களாக்கா?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். நன்றாக ஆடு என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன்.

அவள் நன்றாக ஆடிவிட்டால்? அடுத்த தடவை என் இடம் எனக்கு இருக்குமா? அவள் ஆடவேண்டும், நாம் ஜெயிக்கவேண்டும். ஆனால் அவள் ரொம்ப நன்றாக ஆடிவிடக் கூடாது. என்ன பிறவி நான்?

வாலு


ஏப்ரல் 30

என் வாலுக்கு,

வா. சுவரோர மேஜையை நமக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். "அன்னைக்கு நான் லீவு. கஸ்டமரா வருவேன், ஒழுங்கா கவனிக்கணும்" என்று விசிலிடம் சொன்னேன். பதிலுக்கு நீளமாக ஒரு விசில் அடித்தார். அப்பா நமக்கு நடுவில்தான் உட்காருவேன் என்பார். விடாதே, ஓரத்துக்கு அனுப்பிவிடலாம்.

என்ன பிறவி என்று கேட்டிருந்தாய். என் கூடப் பிறந்த பிறவிதான். சந்தேகமே வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்தில் உன்னைவிட எனக்கு அனுபவம் அதிகம், அதனால் கேட்டுக்கொள். ஆட்டத்துக்கு முன்னால் அந்தச் சுருட்டை வரிசையில் நிற்பாள். அவள் தோளில் உன் சட்டை சரியாகப் பொருந்தியிருக்கும். முதல் குத்து அங்கேதான். அவள் ஓடும்போது உன் கால் மேஜைக்கு அடியில் தானாக உதைக்கும், உதைத்துவிட்டுப் போகட்டும். எல்லோரும் கைதட்டும்போது நீயும் தட்டுவாய், ஆனால் உன் கை யாருடையதோ போல இருக்கும். அவள் தவறவிட்டால் உனக்குள் ஒன்று நிம்மதியாக உட்காரும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும், அப்புறம் எழுந்து போய்விடும்.

அவள் கோல் போட்டுவிட்டால்தான் கஷ்டம். கடையே எழுந்து கத்தும். கண்ணாடிக் கடைக்காரர் பீரைக் கொட்டிக்கொள்வார். அப்பா யாரையாவது கட்டிப் பிடித்துக்கொள்வார். அப்போது நீ எழுந்திருக்க வேண்டாம். என் முகத்தையும் பார்க்க வேண்டாம். டிவியையே பார்த்துக்கொண்டிரு. நானும் எழுந்திருக்க மாட்டேன், முட்டி வலி என்று சொல்லிவிடுவேன். என் கை உன் பக்கத்திலேயே மேஜைக்கு அடியில் இருக்கும். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் பரவாயில்லை.

அக்கா